பங்குக்கு யார் வட்டி தருகிறார்கள்? கூட்டு வளர்ச்சி குறித்த எளிய விளக்கம்

கொங்கு நாட்டில் வட்டிக் கணக்குத் தெரியாதவர்கள் குறைவு. ‘இரண்டு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்பதைப் பள்ளிக்கூடம் போகாத மூதாட்டியும் சொல்லிவிடுவார். சீட்டு, தண்டல், ஃபைனான்ஸ், மண்டியில் வாங்கும் முன்பணம் என்று தலைமுறை தலைமுறையாகப் பழகிய கணக்கு அது. அதனாலேயே பங்குச் சந்தையைப் பற்றிப் பேச்சு வரும்போதும் அதே கணக்கைக் கொண்டுவந்து பொருத்திவிடுகிறோம். “பங்கில் போட்டால் ஆண்டுக்கு 15 சதவீதம் கூட்டு வட்டி” என்ற பேச்சைக் கல்யாண மண்டபங்களிலும் மில் வாசல் டீக்கடைகளிலும் சாதாரணமாகக் கேட்கலாம். அதை அப்படியே நம்பிப் பணம் போடுகிறவர், முதல் ஆண்டிலேயே போட்ட முதல் குறைந்திருப்பதைக் கண்டு பயந்து வெளியேறுகிறார். இன்னொருவர், “நான் நிச்சயமாகத் தருகிறேன்” என்று சொல்பவரிடம் போய் மாட்டிக்கொள்கிறார்.

பங்குக்கு யாரும் வட்டி தருவதில்லை. அதற்குள் கூட்டாகப் பெருகுகிற ஒன்று இருப்பது உண்மை. அது எங்கே இருக்கிறது, எதனால் பெருகுகிறது, எப்போது நின்றுபோகிறது என்பதைப் புரிந்துகொண்டால் சந்தையைப் பற்றிய அச்சமும் பேராசையும் ஒருசேரக் குறையும்.

முதலில், பள்ளிக்கூடத்துக் கணக்கு

1 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதம். தனி வட்டி என்றால் ஒவ்வோர் ஆண்டும் அசலுக்கு மட்டும் 12,000 ரூபாய். 25 ஆண்டுகளில் அசலும் வட்டியும் சேர்ந்து 4 லட்சம். கூட்டு வட்டி என்றால் கிடைத்த வட்டி அசலோடு சேர்ந்து, அதற்கும் அடுத்த ஆண்டு வட்டி வரும். 10-ஆம் ஆண்டு முடிவில் தனி வட்டியில் 2.20 லட்சம், கூட்டு வட்டியில் 3.11 லட்சம், பெரிய வித்தியாசம் இல்லை. 20-ஆம் ஆண்டில் 3.40 லட்சத்துக்கு எதிரே 9.65 லட்சம். 25-ஆம் ஆண்டில் 4 லட்சத்துக்கு எதிரே 17 லட்சம். அந்தக் கடைசி ஓர் ஆண்டில் மட்டும் கூடியது சுமார் 1.82 லட்சம், அதாவது தொடக்கத்தில் போட்ட அசலைவிட அதிகம்.

பணம் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பதை மனக்கணக்காகப் பார்க்க, 72-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் போதும். 12 சதவீதத்துக்கு 6 ஆண்டு, 8 சதவீதத்துக்கு 9 ஆண்டு. இது தோராயக் கணக்குதான். அன்றாடத் தேவைக்கு இவ்வளவு துல்லியம் போதும்.

கொறங்காட்டில் ஒரு மந்தை

வங்கியில் போட்ட வைப்புத்தொகைக்கு வட்டியைச் சேர்ப்பது வங்கி. பங்கில் அதைச் சேர்ப்பது யார்? காங்கேயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டைப் பார்த்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கிளுவை வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம், அதன் நிழலில் செம்மறிகள்.

ஒருவரிடம் 100 பெட்டை ஆடுகள் இருக்கின்றன. நோய்நொடியில் போனதைக் கழித்து, கிடாய்க் குட்டிகளை விற்றுத் தீவனச் செலவையும் ஆள் கூலியையும் சரிக்கட்டிய பிறகு, ஆண்டுக்கு 20 பெட்டைக் குட்டிகள் மிஞ்சுகின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருப்பதற்காக, அவை அடுத்த ஆண்டே ஈனும் என்றும் கொள்வோம்.

இந்த 20 குட்டிகளையும் கன்னிவாடிச் சந்தையில் விற்றுக் குடும்பச் செலவுக்கு வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டும் 100 ஆடுகள், 20 குட்டிகள். பத்தாண்டு கழிந்தாலும் அதே 100. ஐந்து குட்டிகளை மட்டும் விற்று 15-ஐ மந்தையிலேயே நிறுத்தினால், அடுத்த ஆண்டு 115 ஆடுகள். அவற்றுக்கு 23 குட்டிகள். அதிலும் முக்கால் பங்கை நிறுத்தினால் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் 132. இப்படியே போனால் பத்தாண்டு முடிவில் மந்தை 400-ஐத் தாண்டும்.

குட்டிகளை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து கொடுக்கவில்லை. விற்காமல் நிறுத்திய குட்டி தாயாகி, அதுவும் ஈன்றதால் மந்தை பெருகியது. இதில் இரண்டு எண்கள்தான் முக்கியம்: நூற்றுக்கு எத்தனை குட்டி, அதில் எத்தனையை நிறுத்துகிறோம். 20-இல் முக்கால் பங்கு 15. மந்தையின் வளர்ச்சியும் ஆண்டுக்கு 15 சதவீதம்.

இங்கே ஒரு முக்கியமான தடையும் இருக்கிறது. 100 ஆடு மேய்ந்த கொறங்காட்டில் 400 ஆட்டை விட்டால் புல் பற்றாது. பக்கத்துக் காட்டைக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். அங்கே புல் மட்டமாக இருந்தாலோ குத்தகை அதிகமாக இருந்தாலோ, நூற்றுக்கு 20 என்பது 12 ஆகும், 8 ஆகும். குட்டியை நிறுத்துவது மட்டும் பெருக்கம் ஆகிவிடாது. நிறுத்திய குட்டிக்கு மேய்ச்சல் வேண்டும்.

நிறுவனத்துக்குள் நடப்பது

இப்போது ஆட்டை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவோம். கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கடன்களைக் கழித்தால் அதன் உரிமையாளர்களுக்குச் சொந்தமான பணம் 10 கோடி ரூபாய். இதற்குப் பெயர் நிகர மதிப்பு. ஆண்டு லாபம் 2 கோடி. நிகர மதிப்பில் 20 சதவீதம் லாபமாக வருகிறது; இதை நிகர மதிப்பின் மீதான வருவாய் என்பார்கள். நிறுவனம் 20 லட்சம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பங்கு என்பது இந்த உரிமையில் ஒரு துண்டு. ஆகவே ஒரு பங்குக்கு லாபம் 10 ரூபாய்.

2 கோடியில் 50 லட்சத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அது டிவிடெண்ட். மீதி ஒன்றரைக் கோடியைத் தொழிலிலேயே நிறுத்துகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு புதிய சி.என்.சி. இயந்திரம் வாங்கலாம், வெளியில் வாங்கிக்கொண்டிருந்த வார்ப்படத்துக்குச் சொந்தமாக ஒரு ஃபவுண்டரி போடலாம், உடுமலைப் பக்கம் ஒரு காற்றாலையில் முதலீடு செய்து மின்கட்டணத்தைக் குறைக்கலாம். இவை ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு லாபத்தைக் கூட்டும். நிகர மதிப்பு 11.5 கோடி, அதே 20 சதவீதம் ஈட்டினால் லாபம் 2.3 கோடி. அடுத்த ஆண்டு சுமார் 2.65 கோடி. பத்து முறை இப்படிப் பெருகினால் லாபம் 8 கோடியைத் தொடும். ஒரு பங்குக்கான லாபம் 10 ரூபாயிலிருந்து 40 ரூபாயாகும்.

பங்கில் கூட்டாகப் பெருகுவது இதுதான். பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கில் எந்த வட்டியும் வரவு வைக்கப்படுவதில்லை. கணக்கில் அன்றும் 100 பங்கு, இன்றும் 100 பங்கு. அந்த 100 பங்குக்குப் பின்னால் இருக்கும் இயந்திரமும் ஃபவுண்டரியும் லாபமும் பெருகியிருக்கின்றன.

மேய்ச்சல் தடையும் இங்கே உண்டு. பம்ப்செட் வாங்குவோர் எண்ணிக்கை கூடாவிட்டால் புதிய இயந்திரம் சும்மா நிற்கும். சில நிறுவனங்கள் லாபத்தை நிறுத்துவதில் குறைவைப்பதில்லை. நிறுத்திய பணத்தைத் தொடர்பில்லாத தொழிலிலோ வேலையில்லாத நிலத்திலோ முடக்கிவிடுகின்றன. அங்கே கூட்டு வளர்ச்சி காகிதத்தில்கூட நடக்காது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பகுதியை வெளியே கொடுக்காமல் தொழிலில் போடுகிறது; அந்தப் பணமும் பழைய பணத்தைப் போலவே நல்ல லாபம் ஈட்டினால் ஒவ்வோர் ஆண்டின் லாபமும் முந்தைய ஆண்டைவிடப் பெரிதாகிறது. எவ்வளவு ஈட்டுகிறது, எவ்வளவு நிறுத்துகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வளர்ச்சி விகிதம்.

விலை என்பது வேறு கணக்கு

லாபம் நான்கு மடங்கானால் நம் பணமும் நான்கு மடங்காகுமா? அது நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. பக்ரீத்துக்கு முன்னால் சந்தையில் ஆட்டு விலை ஏறுவதாலும் அது முடிந்ததும் இறங்குவதாலும் மந்தையில் ஓர் ஆடுகூடக் கூடுவதோ குறைவதோ இல்லை.

ஒரு ரூபாய் லாபத்துக்குச் சந்தை எத்தனை ரூபாய் விலை கொடுக்கிறது என்பதை பி.இ. விகிதம் என்கிறார்கள். நம் பம்ப்செட் நிறுவனத்தின் பங்கை 200 ரூபாய்க்கு வாங்கினால், 10 ரூபாய் லாபத்துக்கு 20 மடங்கு கொடுக்கிறோம். பத்தாண்டு கழித்து லாபம் 40 ரூபாய். சந்தை அப்போதும் 20 மடங்கு கொடுத்தால் விலை 800. நான்கு மடங்கு, ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம். நிறுவனம் வளர்ந்த வேகமும் நம் பணம் வளர்ந்த வேகமும் ஒன்றே.

அதே பங்கை எல்லோரும் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் 40 மடங்கு கொடுத்து 400 ரூபாய்க்கு வாங்கியவர்? அவருக்கும் பத்தாண்டில் கிடைப்பது 800-தான். இரண்டு மடங்கு, ஆண்டுக்குச் சுமார் 7.2 சதவீதம். நிறுவனம் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் கொடுத்த விலை வளர்ச்சியில் பாதியைத் தின்றுவிட்டது. “நல்ல கம்பெனி, எந்த விலைக்கும் வாங்கலாம்” என்ற பேச்சை நான் கடுமையாக மறுப்பதற்குக் காரணம் இதுதான். லாபம் பல பத்தாண்டுகள் பெருகலாம், பி.இ. விகிதம் அப்படிப் பெருகிக்கொண்டே போக முடியாது. 20 மடங்கு 40 ஆகலாம். 40 மீண்டும் 80, 160 என்று போவதில்லை.

டிவிடெண்டை என்ன செய்கிறோம்?

கூட்டு வளர்ச்சிக்கு நாம் நேரடியாகக் கைகொடுக்கும் இடம் இது ஒன்றே. 200 ரூபாய்ப் பங்குக்கு இரண்டரை ரூபாய் டிவிடெண்ட் என்பது 1.25 சதவீதம்தான். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதே இல்லை; வங்கிக் கணக்கில் விழுந்து செலவோடு செலவாகிவிடுகிறது. விலையும் டிவிடெண்டும் இதே விகிதத்தில் தொடர்ந்து, வரும் டிவிடெண்டுக்கெல்லாம் அதே பங்கை வாங்கிக்கொண்டே இருந்தால், வரி நீங்கலாகப் பார்க்கும்போது 100 பங்கு 25 ஆண்டுகளில் சுமார் 136 பங்காகியிருக்கும். செய்தித்தாளில் வரும் சென்செக்ஸ் என்ற பங்கு விலைக் குறியீட்டு எண்ணில் டிவிடெண்ட் சேருவதில்லை என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஒவ்வோர் ஆண்டும் 15 சதவீதமா?

இல்லை. குழப்பத்தில் பெரும்பகுதி இந்த ஓர் எண்ணிலிருந்துதான் வருகிறது.

சென்செக்ஸ் என்பது மும்பை பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட 30 பெரிய நிறுவனங்களின் பங்கு விலையை அளக்கும் குறியீடு. 1978-79-ஐ அடிப்படை ஆண்டாகவும் அதன் மதிப்பை 100 ஆகவும் கொண்டு கணக்கிடுகிறார்கள். 2024 மார்ச் இறுதியில் அது 73,651. நாற்பத்தைந்து ஆண்டுகளில் 736 மடங்கு. இதைச் சமமான ஆண்டு விகிதமாக மாற்றினால் 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இப்படித் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வைத்து, நடுவில் சீராக வளர்ந்திருந்தால் என்ன விகிதம் என்று கணக்கிடுவதைக் கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம் என்கிறோம். எல்லாம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துச் சொல்லும் எண் அது. முன்கூட்டியே யாரும் கொடுக்கும் உறுதி அல்ல.

நடுவில் என்ன நடந்தது? 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,467-இல் இருந்தது. 2003 மார்ச் இறுதியில் 3,048. பதினோரு ஆண்டு காத்திருந்தவருக்குக் குறியீட்டின்படி நஷ்டம். 2008 ஜனவரியில் 20,873. 2009 மார்ச்சில் 8,160. நூறு ரூபாய் 39 ரூபாயானது. 2010 நவம்பரில் ஒருமுறை பழைய உயரத்தை எட்டித் திரும்பவும் சரிந்தது. அதைத் தாண்டி நிலைத்தது 2013 இறுதிக்குப் பிறகுதான். மகள் கல்யாணத்துக்கென்று 2008-இல் போட்டு 2009-இல் எடுக்க வேண்டியிருந்தவரிடம் ‘நீண்ட கால சராசரி’ பற்றிப் பேசுவதில் பொருளில்லை. ஐந்தாறு ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் பங்குக்கு உரியதல்ல என்று சொல்வது இதனால்தான்.

ஒரு சின்னக் கணக்கையும் பாருங்கள். 100 ரூபாய் ஓர் ஆண்டு 50 சதவீதம் ஏறி, மறு ஆண்டு 50 சதவீதம் இறங்குகிறது. சராசரி பூஜ்ஜியம் என்பதால் பணம் 100-லேயே இருக்கும் என்று தோன்றும். 100 என்பது 150 ஆகி, பிறகு 75 ஆகிறது. பாதியை இழந்தால் பழைய இடத்துக்கு வர 50 சதவீதம் போதாது. 100 சதவீதம் வேண்டும். கூட்டு வளர்ச்சி என்பது அடுத்தடுத்த பெருக்கல்; அதில் இறக்கம் ஏற்றத்தைவிட வலுவாக அடிக்கும்.

பெருக்கலில் பூஜ்ஜியம்

பெருக்கல் வரிசையில் ஒரே ஒரு பூஜ்ஜியம் வந்தாலும் முழு விடையும் பூஜ்ஜியம். கொங்கு நாட்டவருக்கு இதற்கு வெளியூர் உதாரணம் வேண்டியதில்லை.

கரூரில் தொடங்கிய இரண்டு வங்கிகள்: 1916-இல் கரூர் வைஸ்யா வங்கி, 1926-இல் லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டும் வணிகர்கள் கூடித் தொடங்கியவை. இரண்டின் பங்குகளையும் குடும்பச் சொத்தாக வைத்திருந்தவர்கள் இந்தப் பகுதியில் ஏராளம். கரூர் வைஸ்யா வங்கி இன்றும் நடக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கி வாராக்கடனில் சிக்கி, 2020 நவம்பர் 27 அன்று டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை போட்டிருந்தவர்களின் பணம் காப்பாற்றப்பட்டது. பங்கு மூலதனம் முழுவதுமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பெருகி வந்த பங்குக்குக் கையில் ஒரு ரூபாயும் வரவில்லை. முந்தைய ஆண்டுகளில் வாங்கிச் செலவழித்த டிவிடெண்ட் மட்டுமே மிச்சம்.

ஒரே ஊர், ஒரே தொழில், ஏறக்குறைய ஒரே காலம். எதில் பூஜ்ஜியம் வரும் என்பதை முன்பே அறிவது தொழிலை உள்ளிருந்து பார்ப்பவர்களுக்கே கடினம். அதனால்தான் புதியவர்களுக்குப் சென்செக்ஸ் போன்ற ஒரு குறியீட்டில் உள்ள பல நிறுவனங்களில் பணத்தைப் பிரித்துப் போடும் இண்டெக்ஸ் ஃபண்ட் பொருத்தமானது என்று நான் கருதுகிறேன். அதில் ஒரு நிறுவனம் விழுந்தாலும் மொத்த மந்தையும் போய்விடாது.

ஓசையில்லாமல் குறைப்பவை

கூட்டுக் கணக்கு எதிர்த்திசையிலும் அதே உறுதியோடு வேலை செய்கிறது.

கட்டணம்: பலரின் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளில் இடைத்தரகருக்குக் கமிஷன் போகும் ரெகுலர் திட்டமும், கமிஷன் இல்லாத டைரக்ட் திட்டமும் 2013 முதல் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு சதவீத வித்தியாசம் அற்பமாகத் தெரியும். 12 சதவீதத்தில் 25 ஆண்டுகளில் 17 லட்சமாகும் ஒரு லட்சம், 11 சதவீதத்தில் சுமார் 13.6 லட்சம்தான்.

விலைவாசி: ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 25 ஆண்டு கழித்து வரும் 17 லட்சத்துக்கு இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 4 லட்சத்துக்கான பொருள்தான் வாங்க முடியும். நான்கு மடங்கும் நல்ல வளர்ச்சிதான். பதினேழு மடங்கு என்று கனவு காண்பது தவறு.

கடன்: இரண்டு வட்டிக்குக் கடன் இருக்கும்போது பங்கில் பணம் போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மாதம் 2 சதவீதம் கட்டாமல் சேரவிட்டால் ஆண்டுக்கு 26.8 சதவீதம். எந்தக் குறியீடும் அதைத் தொடர்ந்து ஈடுகட்டாது. கடனை அடைப்பதே அங்கே கிடைக்கும் மிக உயர்ந்த வருமானம், சந்தேகமில்லாத வருமானமும்கூட.

‘மாதம் 5 சதவீதம்’ என்பவரிடம் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

மாதம் 5 சதவீதம் என்பது கூட்டினால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீதம். பத்தாண்டில் ஒரு லட்சம் சுமார் மூன்றரைக் கோடியாகும். அப்படி ஈட்டத் தெரிந்தவர் நம் ஒரு லட்சத்துக்காக வீடு தேடி வரவேண்டிய அவசியம் இருக்காது. 2009-இல் திருப்பூரில் அந்நியச் செலாவணி வணிகம் என்ற பெயரிலும், 2012-இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தன. அவர்களில் பலர் கணக்கில் கெட்டிக்காரர்கள். மாத வருமானத்தைப் பார்த்தார்கள். அந்த விகிதத்தைப் பத்தாண்டுக்கு நீட்டிப் பார்க்கவில்லை.

உங்கள் பங்கு உண்மையிலேயே பெருகுகிறதா?

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் மும்பை பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை ஆகியவற்றின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து, ஒவ்வோர் ஆண்டின் லாபத்திலிருந்தும் டிவிடெண்டைக் கழித்து, நிறுத்தப்பட்ட தொகையை எல்லாம் கூட்டுங்கள். பிறகு பத்தாண்டில் ஆண்டு லாபம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று பாருங்கள். நம் பம்ப்செட் நிறுவனம் பத்தாண்டில் நிறுத்திய தொகை சுமார் 30.5 கோடி, ஆண்டு லாபம் 2 கோடியிலிருந்து 8.1 கோடியாக, அதாவது 6.1 கோடி கூடியிருக்கிறது. நிறுத்திய ஒவ்வொரு நூறு ரூபாயும் ஆண்டுக்கு 20 ரூபாய் ஈட்டுகிறது.

நீங்கள் வைத்திருக்கும் பங்கில் அந்த 20 ரூபாய்க்குப் பதில் 4 ரூபாய் என்று வந்தால், நிறுவனம் உங்கள் லாபத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு அதற்கு வேலை கொடுக்காமல் இருக்கிறது. அந்தப் பணத்தை டிவிடெண்டாகவே கொடுத்திருந்தால், ஈரோட்டிலோ நாமக்கல்லிலோ பக்கத்து வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டே நீங்கள் அதைவிட அதிகம் பெற்றிருப்பீர்கள்.